எர்லிந்தாவின் ஊசியும் நான் தின்னாத பன்றிக்கறியும்

கால்செட்டாவில் ஆற்றுப்பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிறது எங்கள் தெரு. இங்கே எர்லிந்தாவிடம் ஊசி போட்டுக்கொள்ளாத ஆள் என்று ஒருவரைக்கூடக் காட்ட முடியாது. கைக்குழந்தை, கிழவர், பாதிரியார், தேர்தலில் நின்று தோற்றவர், எல்லாரும் அவள் முன்னால் துணியை இறக்கியவர்கள்தான். அதனாலோ என்னவோ அவளிடம் யாரும் குரலை உயர்த்துவதில்லை. எனக்கோ இருபத்து மூன்று வருடமாக அவளைக் கண்டால் ஆகாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எங்கேயாவது கூட்டிச் சொல்வதாகத் தோன்றினால் காரணம் தெரிந்திருக்கட்டும்.

அவள் நர்ஸ் இல்லை. சின்ன வயதில் ஒரு டாக்டர் வீட்டில் தரை துடைக்கப் போனவள், பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். டாக்டர் சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் மருந்தும் சிரிஞ்சும் வாங்கிக்கொண்டு நேராக அவள் வீட்டு வாசலில் போய் நிற்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். சுகாதார நிலையத்தில் விடியற்காலையே போய் வரிசை பிடிக்க வேண்டும். எர்லிந்தாவிடம் வரிசை கிடையாது. கை லேசு. குத்தியதே தெரியாது. அதில் பொய் சொல்ல எனக்கு மனமில்லை.

தெரிவதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஊசியை உருவியதும் ஸ்பிரிட் சொட்டும் பஞ்சை வைத்து அந்த இடத்தை வட்டமாகத் தேய்க்க ஆரம்பிப்பாள். ஒரு மரியன்னை ஜெபத்தைச் சத்தமாகச் சொல்லி முடிக்கிறவரை அந்தக் கை நிற்காது. "தேச்சாத்தான் மருந்து கட்டியாகாம ஓடும்" என்பாள். அதற்கு மேல் மென்தால் தைலம். அதற்கு மேல் பத்தியம். மூன்று நாளைக்குப் பன்றிக்கறி கூடாது, நிலக்கடலை கூடாது, முட்டை கூடாது, செதில் இல்லாத மீன் கூடாது.

எங்கள் மனாபி மாகாணத்தில் பிறந்தவரிடம் மூன்று நாள் கடலை தின்னாதே என்றால் நடக்கிற காரியமா? எங்கள் சூப்பில் கடலை, சோற்றின்மேல் தூவுகிற பொடியில் கடலை, வாழைக்காய் உருண்டைக்குள் கடலை, மீனுக்குள்ளேகூடக் கடலை. அதனால் ஊசி போட்ட இடம் சிவந்தாலோ கட்டினாலோ அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள். "என்ன தின்னே?" எதையாவது தின்றுதான் இருப்பார்கள். தின்றவர் தலையைத் தொங்கப் போடுவார். விசாரணை முடிந்தது. நாற்பது வருடத்தில் அவள் ஒரு விசாரணையிலும் தோற்றதில்லை.

என் விசாரணை நடந்தது 1999-இல். எனக்கு இருபத்தேழு வயது. ரத்தம் குறைவு என்று டாக்டர் பத்து ஊசி எழுதிக்கொடுத்தார். எர்லிந்தா போட்ட நாலாவது ஊசிக்குப் பிறகு இடுப்பு வீங்கியது, கொதித்தது, சீழ் வைத்தது. கீறித்தான் எடுத்தார்கள். நாற்பது நாள் குப்புறப் படுத்துக் கிடந்தேன். பேக்கரியில் என் இடத்துக்கு வேறு பெண்ணை வைத்துக்கொண்டார்கள். எர்லிந்தா பார்க்க வந்தாள். என் மாமியாரும் அக்கம்பக்கத்தாரும் சுற்றி நிற்க, கட்டிலருகே நின்றுகொண்டு கேட்டாள்.

"என்ன தின்னே, டாலியா?"

"ஒண்ணும் தின்னல."

"ஞாயித்துக்கிழமை உன் மாமியார் வீட்ல பன்னி அடிச்சாங்களே?"

"அடிச்சாங்க. நான் தொடல. வெறுஞ்சோறும் வாழைக்காயும்தான் தின்னேன்."

"ஊசி பொய் சொல்லாதும்மா" என்று சொல்லிவிட்டு மாமியார் பக்கம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

அன்றிலிருந்து தெருவில் என் பெயர் சிச்சரோன், அதாவது பொரித்த பன்றித்தோல். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். மாமியார் சாகிறவரை விருந்துதோறும் என் தட்டில் கறியைப் போடும்போது, "பாத்து, இன்னிக்கு ஊசி கீசி போடலியே?" என்று கேட்காமல் போட்டதில்லை. என் புருஷன் வாஷிங்டனாவது என் பக்கம் நின்றானா? "ஒரு துண்டு தின்னிருந்தா என்னடி? ஒத்துக்கிட்டுப் போயேன்" என்றான். நான் அன்றைக்குப் பன்றிக்கறி தின்னவில்லை. இதைச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

போன வருடம் எர்லிந்தாவுக்கு இடது மார்பில் கட்டி. போர்த்தோவியேஹோவில் பெரிய ஆஸ்பத்திரியில் மார்பை எடுத்தார்கள். அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை என்று ஆறு கீமோ எழுதினார்கள். அவளுக்கு அறுபத்து நாலு வயது, தனிக்கட்டை. ஒரே மகன் ஆபேல் மட்ரிட்டில் கட்டட வேலை செய்கிறான். அவன் வாஷிங்டனுக்கு போன் போட்டு அழுதிருக்கிறான். இவன் உடனே, "நீ கவலைப்படாத, டாலியா துணைக்குப் போவா" என்று வாக்குக் கொடுத்துவிட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று நாள் அவனுக்குச் சோறு போட்டேனே தவிர முகம் பார்க்கவில்லை.

ஆனாலும் போனேன். இரக்கப்பட்டுப் போனேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பாதி இரக்கம். மீதிப் பாதி, அந்தப் பெரிய மனுஷி என்ன ஆகிறாள் என்று பக்கத்திலிருந்து பார்க்கிற ஆசை. கடவுள் மன்னிக்கட்டும்.

கீமோ ரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணுக்களையும் சேர்த்துக் கொன்றுவிடும். அவை திரும்ப ஏறுவதற்கு, ஒவ்வொரு கீமோவுக்கும் மறுநாளிலிருந்து ஐந்து நாள் வயிற்றுத் தோலுக்கடியில் ஒரு ஊசி. மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்புவார்கள், வீட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரி நர்ஸ் மிரேயா, முப்பது வயதுகூட இருக்காது, எப்படிப் போடுவது என்று காட்டித்தர வந்தாள். எர்லிந்தா கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"லிசென்சியாதா, உங்கம்மா உங்களைப் பெத்துக்கறதுக்கு முன்னாடியே இந்தக் கை ஊசி போட ஆரம்பிச்சாச்சு. என் வயித்துல எனக்குக் குத்தத் தெரியாதா?"

"இது இடுப்புல போடற மாதிரி இல்ல, தோன்யா எர்லிந்தா. கொஞ்சம் பாத்துட்டுப் போங்களேன்."

"எல்லாம் ஊசிதான்."

நர்ஸ்களைப் படித்த மரியாதைக்கு லிசென்சியாதா என்றும், வயதில் மூத்த பெண்களைத் தோன்யா என்றும் கூப்பிடுகிற வழக்கம் எங்களுக்கு. எர்லிந்தா லிசென்சியாதா என்று சொன்ன விதத்தில் மரியாதைதான் இல்லை. மிரேயா கொடுத்த அச்சடித்த காகிதத்தை மடித்து, ஊர் வந்து சேருகிறவரை பஸ்ஸில் விசிறிக்கொண்டே வந்தாள்.

முதல் கீமோ ஒரு மாதிரி கடந்தது. முடி கொட்டியது, வாந்தி எடுத்தாள். அதெல்லாம் வரும் என்று சொல்லித்தான் இருந்தார்கள். இரண்டாவதற்குப் பிறகுதான் அவள் நடையில் ஏதோ சரியில்லை என்று பட்டது. குனிந்தபடியே நடந்தாள். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. ஒரு நாள் காலை துணி துவைத்துக் கொடுக்கப் போனபோது, "இந்தப் பின்னைக் கொஞ்சம் குத்தி விடு" என்றாள். பாவாடையை இழுத்துப் பிடித்தேன். "ஐயோ அம்மா" என்று கத்திவிட்டாள்.

ரவிக்கையைத் தூக்கிப் பார்த்தேன். தொப்புளுக்கு இடதுபக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் செக்கச்செவேலென்று இருந்தது. நடுவில் கல் மாதிரி இறுகிப்போய், தைலம் பளபளத்தது. ஓரத்தில் தோல் உரிந்திருந்தது. கையை வைத்தால் அடுப்புச் சூடு. 1999-இல் என் இடுப்பும் இப்படித்தான் ஆரம்பித்தது.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"கீழ விடு துணியை."

"எத்தனை நாளா இருக்குன்னு கேக்கறேன்."

"ரெண்டு வாரம். நீ கொண்டாந்தியே ஒரு சூப்பு, அதுல கடலை அரைச்சு ஊத்தினியா?"

எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டு போய் வைப்பது? கோழி சூப். வேளாவேளைக்கு நான் கால் நோகக் கொண்டுவந்து கொடுத்த கோழி சூப். அதில் ஒரு கடலைத் தோல்கூடக் கிடையாது.

"நான் எதையும் அரைச்சு ஊத்தல. ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணலாம்."

"வேணாம்!" என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி இன்னும் பலமாகத்தான் இருந்தது. "டாலியா, யார்கிட்டயும் சொல்லாத. எர்லிந்தா தனக்குப் போட்டுக்கிட்ட ஊசியே கட்டிப் போச்சுன்னா இந்த ஊர் என்ன பேசும்? நாற்பது வருஷப் பேரு. பத்தியத்தை இறுக்கிப் பிடிச்சா அமுங்கிடும். நான் பாக்காத கட்டியா?"

அவள் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. அதில் கொஞ்சம் குளிர்ந்துபோய் வாயை மூடிக்கொண்டேன். அது என் தப்பு.

பத்தியத்தை இறுக்கினாள். கடலை, பன்றி, முட்டை, மீன் எல்லாம் ஏற்கெனவே இல்லை. இப்போது கோழி போனது, பால் போனது, பாலாடைக்கட்டி போனது, வாழைக்காய்கூடச் சூடு என்று போனது. உப்பில்லாத சோறும் ஓட்ஸ் கஞ்சித் தண்ணீரும்தான். கீமோ ஒரு பக்கம் தின்கிறது, இவள் ஒரு பக்கம் தன்னைத்தானே பட்டினி போடுகிறாள். கன்னம் உள்ளே போய்ப் பல் வெளியே தெரிந்தது. ஃபிரிட்ஜைத் துடைத்தபோது காய்கறித் தட்டுக்குப் பின்னால் இரண்டு மருந்துக் குப்பிகள் கிடைத்தன. கட்டி ஆறட்டும் என்று கடைசி இரண்டு ஊசியைப் போடாமலே ஒளித்து வைத்திருக்கிறாள்.

மூன்றாவது கீமோவுக்கு வியாழக்கிழமை போனோம். ரத்தம் எடுத்தார்கள், எடை பார்த்தார்கள். ஐம்பத்தெட்டு கிலோவில் வந்தவள் ஐம்பத்தொன்று. டாக்டர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இன்னிக்கு கீமோ குடுக்க முடியாது. வெள்ளை அணு ஏறவே இல்ல. மூணு நாள் ஊசி போட்டுட்டு அடுத்த வியாழன் வாங்க. அதுக்குள்ள எடை இன்னும் இறங்கிச்சுன்னா அப்பவும் முடியாது. இப்படி விட்டு விட்டுக் குடுத்தா இந்த மருந்தால பிரயோஜனம் இல்லம்மா. அப்புறம் என்ன செய்யறதுன்னு யோசிக்க வேண்டிவரும்."

எர்லிந்தா தலையை ஆட்டினாள். "வயசாச்சு டாக்டர், பசி இல்ல" என்றாள். அவ்வளவுதான். வயிற்றுக் கட்டியைப் பற்றி மூச்சு விடவில்லை.

பக்கத்து அறையில் மிரேயா ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் அதற்கு மேல் பொறுக்கவில்லை. "லிசென்சியாதா, இவங்க வயித்தைப் பாருங்க" என்றேன். எர்லிந்தா என்னைப் பார்த்த பார்வையில் ஆள் எரிந்து போயிருக்க வேண்டும். ரவிக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மிரேயா அவசரப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யாருக்கு வேணா சிவக்கும், தோன்யா எர்லிந்தா. நான் போட்டாலும் சில பேருக்குச் சிவக்கும். அது குத்தமே இல்ல. மறைக்கிறதுதான் ஆபத்து. காட்டுங்க."

காட்டினாள். மிரேயா காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள். டாக்டரையும் கூப்பிட்டுக் காட்டினாள். நல்ல வேளை, சீழ் வைக்கவில்லை. சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் சுற்றிக் கோடு போட்டாள். கோட்டைத் தாண்டிச் சிவப்பு வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, நீர் கசிந்தாலோ அந்த நிமிடமே கிளம்பி வர வேண்டும் என்றாள். உடம்பில் வெள்ளை அணு இல்லாத நேரத்தில் தோல் வெடித்துக் கிருமி போனால் உயிருக்கே உலை. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"ஃபிரிட்ஜிலருந்து எடுத்த உடனே போட்டீங்களா?"

"ஆமா. கெட்டுப் போகும்ல?"

"அரை மணி வெளிய வெச்சுட்டுப் போடணும். சில்லுன்னு உள்ள போனா எரியும். ஸ்பிரிட் காயற வரைக்கும் காத்திருந்தீங்களா?"

"ஈரத்தோடதான் போடுவேன்."

"காயணும். ஒவ்வொரு நாளும் இடத்தை மாத்தினீங்களா?"

"இங்கதான் கைக்குத் தோதா இருக்கு."

"போட்டப்புறம்?"

எர்லிந்தாவின் வலது கை மடியில் வட்டமாக அசைந்தது. தேய்த்துக் காட்டினாள்.

"தேய்க்கவே கூடாதும்மா" என்றாள் மிரேயா. "பஞ்சை வெச்சு லேசா அழுத்தினாப் போதும். தைலம் வேணாம், சூடு வேணாம். எரிஞ்சா துணியில ஐஸ் சுத்திக் கொஞ்ச நேரம் வைங்க. உரிஞ்ச எடத்துக்கு டாக்டர் எழுதித் தர்றதை மட்டும் போடுங்க. சாப்பாடு எல்லாம் சாப்பிடலாம், நல்லா வேகவெச்சுச் சாப்பிடுங்க."

"கடலை?"

"கடலைதான் முதல்ல. இப்ப உங்களுக்குச் சத்து வேணும்."

அங்கேயே நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. இருபத்து மூன்று வருடம் தொண்டையில் நின்றது அப்போது வெளியே வந்துவிட்டது.

"லிசென்சியாதா, ஒரு சந்தேகம். இடுப்புல ஊசி போட்ட ஒரு பொம்பளை பன்னிக்கறி தின்னா, அந்த எடத்துல சீழ் கட்டுமா?"

மிரேயா சிரித்துவிட்டாள். "பன்னி வயித்துக்குள்ள போகுது, சீழ் இடுப்புல எப்படிங்க வரும்? கிருமி போயிருக்கும். கை சுத்தமில்லாம இருந்திருக்கும். இல்ல, போட்ட எடத்துலயே போட்டுத் தேய்ச்சிருப்பாங்க."

நான் எர்லிந்தாவைப் பார்த்தேன். எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேனோ, அந்தச் சந்தோஷம் ஒரு நொடிதான் இருந்தது. அவள் முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு ஊசி கட்டி அவதிப்பட்டவர்கள் பெயரைச் சொல்ல ஆரம்பித்தாள். என்னிடம் சொல்லவில்லை, வெளியே ஓடுகிற வாழைத் தோட்டங்களைப் பார்த்துச் சொன்னாள். ரயில்பாதைக்காரர் மகள், மூன்று மாதம் நொண்டினாள், முட்டை தின்றாய் என்று அவளை அவள் அப்பா பெல்ட்டால் அடித்தார். செருப்புக்கடை எலாடியோ, கடலை தின்றதாக ஒத்துக்கொள்ளும்வரை அடுத்த ஊசி போடமாட்டேன் என்று அவரை இவள் வாசலில் நிறுத்தினாள். பிள்ளை பெற்ற ஒருத்தி, நாற்பது நாள் கஞ்சித் தண்ணீரில் கிடந்து பால் வற்றிப் போனாள். பதினேழு பெயர் எண்ணினேன். என் பெயர் வரும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஊர் வந்துவிட்டது.

வியாழன் ஊசியை மிரேயாவே வலதுபக்கம் போட்டு எனக்குக் காட்டியிருந்தாள். வெள்ளியும் சனியும் நான் போட்டேன். "நீங்க போடுங்க, நான் பாக்கறேன்" என்றுதான் சொன்னேன். அவள் சிரிஞ்சைத் தொட மறுத்துவிட்டாள். "இந்தக் கை போதும்" என்றாள். குப்பியை அரை மணி மேஜையில் வைத்தேன். ஸ்பிரிட் காய்கிறவரை ஊதக்கூட இல்லை. முந்தின நாள் இடத்தை விட்டுத் தள்ளிக் குத்தினேன். அவள் லேசாக முகம் சுளித்தாள். ஊசியை எடுத்ததும் அவள் கை தானாக எழுந்து அந்த இடத்துக்கு வந்தது. நான் அதைப் பிடித்து மடியில் வைத்தேன். பஞ்சை அழுத்திக்கொண்டு இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

இரண்டு இடமும் சிவக்கவில்லை. கொசு கடித்த அளவுக்குக்கூட இல்லை. பழைய சிவப்பும் பேனாக்கோட்டுக்குள்ளேயே வாடத் தொடங்கியது. நான் சந்தோஷப்பட்டேன். அவள் ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணாடி முன் நின்று அந்த வெளுத்த தோலைப் பார்த்துவிட்டு, கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

"அப்போ எல்லாம் நான்தான்" என்றாள்.

அதற்குப் பிறகு சாப்பாட்டைத் தொடவில்லை. முன்பு பத்தியத்துக்காகச் சாப்பிடவில்லை, இப்போது எதற்கென்று கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தண்ணீர் குடித்தாள். நான் ஊட்டினால் இரண்டு கரண்டிக்கு வாயைத் திறந்தாள். கோழி, முட்டை, பாலில் கரைத்த ஓட்ஸ் என்று என்னென்னவோ செய்து பார்த்தேன். "எத்தனை பேர் வாயைக் கட்டினேன், எனக்கு எதுக்குடி இது?" என்று தட்டைத் தள்ளினாள். ஆபேல் மட்ரிட்டிலிருந்து போனில் அழுதான், அதற்கும் அசையவில்லை. செவ்வாய்க்கிழமை வாஷிங்டன் பழைய சாமான் கடையிலிருந்து எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஐம்பது. வியாழன் இப்படியே போய் நின்றால் கீமோ இல்லை. கீமோ இல்லையென்றால் என்ன என்று டாக்டர் வாயால் சொல்லவில்லை, எங்களுக்குத் தெரியாதா?

எனக்குத் தூக்கம் போயிற்று. அந்தக் கேள்வியை நான் ஏன் மிரேயாவிடம் கேட்டேன்? கட்டியைக் காட்டியது சரி. அதோடு விட்டிருக்கலாம். படுத்துக் கிடக்கிறவள் நெஞ்சில் ஏறி மிதித்தால்தான் என் பேர் வெளுக்குமா? என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் கடலை சூப் வைத்தேன். இறால், மரவள்ளி, சோளம், பழுத்த வாழை, நன்றாகக் கெட்டியாக அரைத்த கடலை. வாசனை தெருமுனை வரை போயிருக்கும். கிண்ணத்தில் ஊற்றி அவள் முன்னால் வைத்தேன். எழுந்து உட்கார்ந்தாள். கரண்டியைக் கையில் எடுத்தாள். பிறகு அதைக் கிண்ணத்தின் ஓரத்தில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"டாலியா, ஒண்ணு கேக்கறேன். மாதா மேல ஆணையா உண்மையைச் சொல்லு."

"சூப்பு ஆறிடும். குடிச்சிட்டுக் கேளுங்க."

"மத்தவங்க எல்லாம் எதையாவது தின்னாங்க. நான் கேட்டப்போ ஒத்துக்கிட்டாங்க. நீ ஒருத்திதான் கடைசி வரைக்கும் தின்னலன்னு நின்னே. நாற்பது நாள் படுத்தே. வேலை போச்சு. உன் மாமியார் உன்னைப் படுத்தினதெல்லாம் எனக்குத் தெரியும், நான் சிரிச்சிக்கிட்டுப் பாத்தேன்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த ஞாயித்துக்கிழமை நீ பன்னிக்கறி தின்னியா, இல்லியா?"

ஆக, மறக்கவில்லை. பஸ்ஸில் அத்தனை பெயரையும் சொல்லி என் பெயரை மட்டும் விட்டது மறதியால் இல்லை. இதோ இந்தக் கேள்வியை ஆறு நாளாக நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

இல்லை என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? இருபத்து மூன்று வருடமாக அந்த வார்த்தையைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதல் தடவையாக அதை நம்பத் தயாராக ஒருத்தி எதிரே உட்கார்ந்திருக்கிறாள். நம்பிய கையோடு அந்தக் கரண்டியை இனி எடுக்கமாட்டாள்.

"தின்னேன்" என்றேன்.

"என்ன?"

"தின்னேன்னு சொல்றேன்ல. மாமியார் கொல்லைக்குப் போனப்போ தின்னேன்."

"எவ்வளவு?"

"ரெண்டு தட்டு."

"தோலோடயா?"

"தோலோட. மொறுமொறுன்னு பொரிச்சது."

என்னை உற்றுப் பார்த்தாள். நானும் கண்ணை எடுக்கவில்லை. மெதுவாக அவள் முகத்தில் ரத்தம் வந்தது. அப்புறம் வந்தது பழைய எர்லிந்தா.

"அடிப்பாவி! இருபத்து மூணு வருஷம் என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டியேடி! தெருவுல தலையை நிமித்திக்கிட்டு வேற நடந்தே! ஊசி பொய் சொல்லாதுன்னு அப்பவே சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க."

"அந்த லிசென்சியாதாவுக்கு என்ன தெரியும்? சின்னப் பொண்ணு. எல்லாம் நான்தான்னு இத்தனை நாள் வெந்து செத்தேனே!"

கையிலிருந்த அகப்பையால் ஒன்று போடலாமா என்றுதான் இருந்தது. அவள் கரண்டியை எடுத்தாள். முதல் வாயைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். இரண்டாவதற்கு இறாலைத் தேடினாள். மூன்றாவதற்கு, "உப்பு பத்தலை" என்றாள். நான் உப்பை எடுத்து வைத்தேன்.

வாசலில் மூன்று சக்கர மோட்டாரை நிறுத்திவிட்டு வாஷிங்டன் தலையை உள்ளே நீட்டினான்.

"வாஷிங்டன்!" என்று வாய் நிறையக் கடலையோடு கத்தினாள் எர்லிந்தா. "உன் பொண்டாட்டி ஒத்துக்கிட்டாடா! ரெண்டு தட்டாம்! தோலோட!"

அவன் என்னைப் பார்த்தான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றான். பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது.

கிண்ணத்தில் இன்னும் பாதி சூப் இருந்தது. அகப்பையால் இன்னும் இரண்டு இறாலை அள்ளி அதில் போட்டேன்.